கேட்காமல் வறுத்த மிளகாய்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லண்டனுக்கு வந்து பெற்றோல் நிலையத்தில் தரை கூட்டினேன். பிறகு ஒரு கடை வைத்தேன், பிறகு இன்னும் இரண்டு. ரெய்னர்ஸ் லேன் என்கிற பகுதியில் எங்கள் தெருவில் கூரையை உயர்த்தி மேலே அறை கட்டிய முதல் ஆள் நான்தான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தால்தான் ஒரு தாச்சி மிளகாயால் எனக்கு வந்த எரிச்சல் எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

கடைகளைக் கைமாற்றிவிட்டு ஓய்ந்த பிறகு ஒரு கேரவன் வாங்கினேன். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். எங்கள் ஆட்களில் இதை வாங்கிய வேறொருவரை நான் அறியேன். கோயிலில் காண்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அண்ணை, அவ்வளவு பெரிய வீடு இருக்கத்தக்கதா ஏன் தகரப் பெட்டிக்குள்ளை போய்ப் படுக்கிறியள்?" நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். காரணம் என் மனைவியின் முழங்கால். முப்பது வருடம் கல்லாவில் நின்று தேய்ந்த முழங்காலை வெட்டிப் புதிதாக வைத்தார்கள். நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவளோ வீட்டு கேற்றைத் தாண்ட மாட்டாள். வேல்ஸ் எல்லையில் மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு கேரவன் பூங்காவுக்கு முதல்முறை கூட்டிப் போனபோது, தடியை ஊன்றிக்கொண்டு ஓடைப் பாலம் வரைக்கும் போய்வந்தாள். அடுத்த முறை தடியைக் கேரவனுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனாள். நான் கண்ணால் கண்டது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு முன்னால் கேரவன் நிறுத்தக் கூடாது என்று பழைய வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறதாம். மாத முடிவுக்குள் எடுத்துவிட வேண்டும். மகள் வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னாள், "அப்பா, பேசாமல் வித்துப் போடுங்கோ. உங்களுக்கும் றிவேர்ஸ் எடுக்க வராது."

றிவேர்ஸ் விஷயத்தில் அவள் சொன்னது அநியாயம். மொத்தச் சந்தைக்கு இருபத்தைந்து வருடம் வான் ஓட்டியவன் நான். கேரவனைக் கொளுவினால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப அது வலப்பக்கம் போகிறது. அது அந்தச் சாமானின் பிழை.

விற்காமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தப் பூங்காவில் ஐந்து இடங்களைப் பருவம் முழுவதற்கும் கொடுப்பார்கள். கேரவனை அங்கேயே விட்டுவிட்டு நினைத்தபோது போய்த் தங்கலாம். ஒரு வயோதிபத் தம்பதி விட்டுப் போனதில் ஓர் இடம் காலியாக இருந்தது. பூங்காவை நடத்துகிறவள் ஒரு பண்ணைக்காரி, என் வயதுதான், எப்போதும் றப்பர் சப்பாத்து. அவளுக்குப் போன் எடுத்தேன். இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்றாள். "ஒரு வாரம் வந்து இருங்கள். இங்கே இருப்பவர்களோடு ஒத்துப் போகிறதா என்று பார்த்து சனிக்கிழமை சொல்கிறேன்" என்றாள்.

வாழ்க்கையில் கடைசியாக எனக்குப் பரீட்சை வைத்தது ஐந்தாம் வகுப்பு வாத்தியார். இந்த வயதில் ஒரு புல்வெளித் துண்டுக்குப் பரீட்சை. போனோம்.

ஞாயிற்றுக்கிழமை மழைக்குள் போய்ச் சேர்ந்தோம். கேரவனை எங்கள் இடத்துக்குள் பின்பக்கமாக ஏற்ற ஒரு மணித்தியாலம் பட்டபாட்டை விவரிக்கப் போவதில்லை. பக்கத்துக் கேரவனில் இருந்த பழைய பஸ் சாரதி, வீட்டுச் செருப்போடு வெளியே வந்து உதவி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். என் மனைவி அவனைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். இரண்டு நிமிடத்தில் கேரவனை உள்ளே விட்டுவிட்டுக் கார்த் திறப்பை என் கையில் தந்தான். "காரை விற்றுவிட்டு, கட்டிலோடு வருகிற வான் வாங்குங்கள்" என்று பகிடி வேறு. நான் வான் ஓட்டிய கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் நம்பினதாகத் தெரியவில்லை.

திங்கள், செவ்வாய் முழுக்க மழை. மின்சாரம் இரண்டுதரம் நின்றுபோனது. தண்ணீர் நிரப்பிய உருளைப் பீப்பாயை உருட்டிக்கொண்டு குழாயடிக்கும் கேரவனுக்குமாய் அலைந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மனைவி மட்டும் மழையங்கியைப் போட்டுக்கொண்டு பாலத்துக்குப் போய்வந்தாள். பஸ்காரனின் மனைவியோடு சிரித்துக் கதைத்தாள். அவளுக்கு இருக்கிற இங்கிலீசு கல்லாவில் படித்த இங்கிலீசு, மிச்சக்காசு கொடுக்கத்தான் காணும். அதை வைத்துக்கொண்டு அரைமணித்தியாலம் எதைக் கதைத்தாளோ தெரியாது.

புதன்கிழமை வெயில் எறித்தது. மனைவி கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெரிய பையை இழுத்தாள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம். வருடத்துக்கு ஒருமுறை அவள் தன் கையால் மிளகாய் வறுத்துத் தூள் இடிப்பிப்பாள். கடைத்தூள் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. ஆனால் லண்டனில் வறுக்க விடுகிறார்களா? குசினியில் வறுத்தால் புகை அலாரம் அலறும். தோட்டத்தில் வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து இருமிக் காட்டுவான்.

"இஞ்சை நல்ல வெளி. சரியெண்டா வறுப்பம்" என்றாள். "நான் ஒருக்கா அந்தப் பொம்பிளையிட்டைக் கேட்டுக்கொண்டு வாறன்."

சப்பாத்தையும் போட்டுவிட்டாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்துக்குக் கேக்கிறீர்? கேட்டா இல்லையெண்டுதான் சொல்லுவா. பிறகு வறுக்கவும் ஏலாது."

"இல்லையப்பா, நாலு சனம் இருக்கிற இடம். கேட்டாக் குறைஞ்சா போயிடுவம்?"

"நான் ஆரிட்டைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தனான்? பேசாமல் இரும். காத்து மேலைதான் போகுது."

இதுதான் என் வாழ்நாள் வழி. கேட்கிறவனுக்குத்தான் இல்லை என்ற பதில் கிடைக்கும். கடைக்கு முன்னால் பழப்பெட்டிகளை அடுக்க நான் ஒருவரிடமும் கேட்கவில்லை, அடுக்கினேன். எல்லாரும் பூட்டுகிற பெருநாளில் திறக்கட்டுமா என்று கேட்கவில்லை, திறந்தேன். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் இன்னும் வேறொருவன் கடையில்தான் நிற்கிறார்கள்.

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். வெளியடுப்பை மூட்டித் தாச்சியை வைத்தோம். மல்லி வாசம் வந்தபோது பஸ்காரன் யன்னலால் பெருவிரலைக் காட்டினான். பார்த்தீரா என்று மனைவிக்குக் கண் காட்டினேன். பிறகு மிளகாயைக் கொட்டினோம். புகை நேராக மேலே போனது. நான் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்து நின்றேன்.

எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்க் கடற்கரைக் காற்று. அது போகிற பக்கம் போய்க்கொண்டே இருக்கும். மலைக் காற்று அப்படியில்லை. எங்கள் புகை மர உயரத்துக்குப் போய், ஏதோ கையால் அமத்தினதுபோல் மடிந்து, சரிவு வழியே கீழே இறங்கியது. கீழேதான் இருபது கேரவன்.

முதலில் ஒரு நாய் தும்மியது. பிறகு ஒரு மனிதன். பிறகு யன்னல்கள் அடிபட்டுச் சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாய் வந்தது. குளியலறைக் கட்டடத்திலிருந்து ஒருவர் தலையில் சோப்பு நுரையோடு துவாயைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். யாரோ ஏதோ விஷ வாயு என்று கத்த, பண்ணைக்காரி விசில் ஊதினாள். அவர்கள் ஒழுங்கு தெரிந்த சனம். விசில் கேட்டதும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையாக நடந்து போய் கேற்றடியில் கூடி நின்றார்கள். கண்ணால் நீர் வடிய அறுபது பேர் எங்கள் பக்கம் பார்த்தபடி.

பண்ணைக்காரி தீயணைக்கிற சிவப்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"என்ன எரிகிறது?"

"ஒன்றும் எரியவில்லை. சமையல்" என்றேன்.

அவள் தாச்சியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மனைவி அடுப்பை நிறுத்தினாள். பாதி மிளகாய் கருகிப் போயிருந்தது. அவள் அதைக் கிளறிக்கொண்டே இருந்தாள், அடுப்பு நிறுத்தின பிறகும்.

வியாழன், வெள்ளி ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். காலை வணக்கம் சொன்னார்கள், வெயிலைப் பற்றிச் சொன்னார்கள், போனார்கள். பஸ்காரனின் மனைவி மட்டும் வந்து, தன் மனுசனுக்கு மூச்சுத் தொல்லை, இப்போது பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவி அந்த இரண்டு நாளும் பாலத்துக்குப் போகவில்லை.

சனிக்கிழமை காலை நல்ல சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்குப் போனேன். அலுவலகம் என்றால் பண்ணை வீட்டின் பக்கத்து அறை. பெற்றோல் நிலையத்திலிருந்து தொடங்கினேன். மூன்று கடை, உயர்த்திக் கட்டின கூரை, வேலை கொடுத்த ஆட்கள், எல்லாம் சொன்னேன். இப்படி ஒருவன் அவளுடைய புல்வெளிக்குக் கிடைப்பது அவளுக்கே நல்லது என்பதை அவள் தானாகவே விளங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் இடையில் மறிக்கவில்லை. முழுவதும் கேட்டாள்.

"நீங்கள் நிறையச் செய்திருக்கிறீர்கள்" என்றாள். "இடத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

"ஒரு நாள் சமையலுக்காகவா?"

"சமையலுக்காக இல்லை. மேலே எனக்கு ஆடு மேய்கிற வயல் ஒன்று இருக்கிறது. காற்று அங்கிருந்து மறுபக்கப் பள்ளத்துக்குப் போகும், அங்கே ஒருவரும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கேற்றைத் திறந்துவிட்டிருப்பேன். பருவம் முழுக்க இருக்கிறவர்கள் என்னிடம் கேட்கிறவர்களாக இருக்க வேண்டும்."

நான் வெளியே வந்து, இரும்புக் கேற்றைச் சாத்தத் தெரியாமல் சாத்தி, அது திரும்பத் திறந்துகொள்ள, அப்படியே விட்டுவிட்டு வந்தேன். மனைவியிடம் "இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் கேத்திலைத் துடைத்து உள்ளே வைத்தாள்.

லண்டன் திரும்புகிற வழியில் தேநீருக்கு ஓரிடத்தில் நிறுத்தினோம். அங்கே ஆட்டு வயல் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் கேளாதது பரவாயில்லை. உங்கடை குணம் அது. நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டனானே, என்னையேன் மறிச்சனீங்கள்?"

நான் தேநீரைக் குடித்துவிட்டுக் காசு கொடுக்கப் போனேன்.

மாத முடிவுக்குள் கேரவன் போய்விட்டது. ஹவுன்ஸ்லோப் பக்கத்து இளம் தம்பதி வந்து வாங்கினார்கள். பெடியன் ஒரே முறையில் றிவேர்ஸ் எடுத்துத் தெருவுக்கு இறக்கினான், அதுவும் என் கண்ணுக்கு முன்னால். மனைவி இப்போது நடக்கிறாள், வீட்டு வாசலிலிருந்து கேற் வரைக்கும், தடியோடு. கடைத் தெருவுக்கு வாரும் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்கிறாள். நான் அதற்கும் எரிந்து விழுகிறேன்.

அந்தப் பண்ணைக்காரி பொய் சொன்னாள் என்றுதான் நான் நினைத்து வைத்திருக்கிறேன். கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். இடத்தை வேறு ஆட்களுக்குக் கொடுக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது. போன கிழமை இதை மனைவிக்கும் சொன்னேன். "அவ சும்மா சொன்ன கதை அது. கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டா."

"இருக்கும்" என்றாள். "எண்டாலும் நான் கேட்டிருப்பன்."