மரத்தரைக்கு ஆறு மண்டலம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் மாடி அறைச் சுவரில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இறங்கியது. கேசரிக்குள் ஸ்பூன் இறங்குமே... அப்படி.

குத்தியவர் ராஜவேலு மேஸ்திரி. குயிலாப்பாளையத்துக்காரர், மரத்திலேயே வீடு கட்டுகிறவர். நுனியில் ஒட்டியிருந்த கறுப்புத் தூளை மோந்து பார்த்தார்.

"அம்மா, இங்க தண்ணி ஊத்திக்கினு இருந்தீங்களா?"

 பக்கத்தில் என் மகள் சுமதி நின்றிருந்தாள். அது அவளுடைய அறை.

மரத்தில் எதற்கு அறை என்பீர்கள். திண்டிவனத்தில் எங்கள் வீடு பழசு. அஸ்திவாரம் களிமண்ணில் நிற்கிறது. மேலே கான்கிரீட் போட்டால் தாங்காது என்று இன்ஜினீயர் கையை விரித்துவிட்டார். சுமதியோ புருஷன் வீட்டிலிருந்து ஒரே பையோடு வந்துவிட்டாள். விழுப்புரத்தில் வேலை தேடிக்கொண்டாள். எங்களிடம் கேட்டது ஒன்றுதான் — உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை.

அப்போதுதான் மேஸ்திரி வந்தார். 'கிராஸ் லேமினேட்டட் டிம்பர்' என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன புரியும்? பலகைகளை ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில் அடுக்கி, பசை போட்டு அழுத்துவார்களாம். ஒற்றைப் பலகை வெயிலில் வளையும், ஈரத்தில் உப்பும். குறுக்கே ஒட்டினால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்.

"கூட்டுக்குடும்பம் மாதிரிம்மா. ஒர்த்தர் முறுக்கிக்கினா இன்னொர்த்தர் விடமாட்டாங்க."

"ஐயோ, அப்ப எனக்கு வாணாம் மேஸ்திரி" என்று சிரித்தாள் சுமதி. வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கான்கிரீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்குமாம். தூண் கிடையாது, சுவரே கூரையைத் தாங்கும். கிரேன் வந்தது. சாயங்காலத்துக்குள் மரத்தரையும் நான்கு சுவரும் கூரையும் நின்றுவிட்டன!

புது அறைக்கு ஒரு ஹோமம் செய்யவேண்டும் என்றேன். என் வீட்டுக்காரர் பயந்தது நெருப்புக்கு. "தீப்பெட்டிய வூட்டு மேல வெச்சிக்கினு, அதுல ஹோமம் வேற பண்ணுவியா?" மேஸ்திரி பேசாமல் ஒரு மிச்சத் துண்டை விறகடுப்பில் சொருகினார். அரை மணி கழித்து எடுத்துச் சுரண்டினால்... மேலே கரி, உள்ளே புது மரம். கனமான மரத்தில் கரியே கவசமாகி, நெருப்பை மெதுவாகத்தான் உள்ளே விடுமாம்.

"நெருப்பு கூட பரவால்லம்மா. தண்ணி மட்டும் தேங்கக் கூடாது. துணியப் பிழிஞ்சித் தொடைங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெருப்பைச் சந்தேகப்படலாம். தண்ணீரை யாராவது சந்தேகப்படுவார்களா? வெள்ளிக்கிழமை கழுவாத தரையில் மகாலட்சுமி கால் வைப்பாளா?

முதலில் வெள்ளிக்கிழமை மட்டும்தான். பிறகு அம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அந்த அறையைக் கழுவிக் கோலம் போடுவதாக. சுமதி ஏழரை பஸ்ஸுக்குப் போனதும் குடத்தோடு மாடி ஏறுவேன். அவள் திரும்புவதற்குள் கோலத்தைத் துடைத்துவிடுவேன், தரையும் காய்ந்திருக்கும். ஒரு மண்டலத்தில் அம்மன் கண் திறக்கவில்லை. இன்னொன்று... அப்படியே ஆறு மண்டலம்!

"ரூம்ல ஏதோ வீசுதும்மா" என்றாள் ஒருநாள். சாம்பிராணி போட்டேன். அதற்கும் வாடை போகாமல், அவளே மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டாள்.

மேலே காய்ந்தது. அடியில் காயவில்லை. சுவர்ப் பலகை தரைமேல் உட்காருகிற இடுக்கில் போன தண்ணீர் வெளியே வர வழியில்லை.

"மரத்துக்கு வெட்டின முனைதாம்மா வாய்" என்றார் மேஸ்திரி. "ஒருநாள் குடிச்சா காஞ்சிடும். தெனம் குடிச்சா? கூரைக்கு முட்டுக் கொடுத்து, சொவுரையே கழட்டி மாத்தணும். அதுவரிக்கும் யாரும் இங்க படுக்கக் கூடாது."

வேண்டுதலையும் மண்டலக் கணக்கையும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் இறங்கிப் போனதும் சுமதி கேட்டாள், "எதுக்கும்மா வேண்டிக்கினே?"

அம்மன் பேரில் எப்படிப் பொய் சொல்வது?

"மாப்பிள்ள வந்து உன்னக் கூட்டிக்கினு போவணும்னு..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"அங்க போவமாட்டேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? தலைய ஆட்டிட்டு, சாமிகிட்ட வேற சொல்லிக்கினு இருந்தியா?"

அவள் அந்த அறையை விட்டுப் போகவேண்டும் என்றுதான் வேண்டினேன். போகிறாள். புருஷன் வீட்டுக்கு இல்லை, விழுப்புரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு. கீழே என் பக்கத்தில் படுத்துக்கொள் என்று கெஞ்சினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகளுக்காக எத்தனை கோயில் ஏறுகிறோம்! உனக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டா ஏறுகிறோம்? நான் கேட்கக்கூட இல்லை... அவளே சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறும் முன் சொன்னாள்:

"எனக்காக இனிமே எதுவும் வேண்டிக்காதம்மா. கால்ல வேணா வுழறேன்."

பஸ் நகர்ந்தது. 'பத்திரமாப் போய்ச் சேரணும் தாயே' என்று என் உதடு தானாக முணுமுணுத்தது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.