இரண்டு மாதப் பொய்

"...மற்ற எல்லாருக்கும் போடுறம், வயித்தில பிள்ளை இருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் இந்த ஊசி போடேலாது" என்று எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியான மிஸ்ஸி சொல்லிக்கொண்டிருந்தார். கிண்ணியாவில் எங்கள் வீட்டு முற்றத்தில் தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அடுத்த வியாழன் பள்ளிக்கூடத்தில் ஊசி. அதற்குப் பெயர் எழுதத்தான் மிஸ்ஸி பாலையூற்றிலிருந்து பஸ்ஸேறி, பாதைப் படகில் கடல் கடந்து, குடையும் பெரிய கொப்பியுமாக வந்திருந்தார்.

"எந்த நோய்க்கு மிஸ்ஸி?"

"ஜேர்மன் சின்னமுத்து."

"ஜேர்மன்காரன்ட நோய்க்குக் கிண்ணியாவில என்ன வேலை?" என்று ஒருத்தி கேட்க, முற்றமே சிரித்தது. மிஸ்ஸியும் சிரித்தார். "நானே தேடிப்பிடிச்சு வாறன், நோய்க்கு வழி தெரியாதா?" என்றார். சனத்தோடு சனமாகக் கதைக்கத் தெரிந்த மனுசி அவர்.

எனக்கு அப்போது பத்து வயது. ஊசிக்கு வயது போதாதென்று மிஸ்ஸி என்னை முதலிலேயே ஒதுக்கிவிட்டார். பிறகு எனக்கு அங்கே என்ன வேலை? காதில் விழுந்ததைக் காவிக்கொண்டு நேரே குசினிக்குள் ஓடினேன். அங்கே அரிசி மூட்டைக்குப் பின்னால் என் சாச்சி ஒளிந்துகொண்டிருந்தாள்.

சாச்சி உம்மாவின் தங்கை. கலியாணம் முடித்து நாலு மாதம். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர்களுக்கென்று பக்கத்து வளவில் கட்டிய வீடு கூரை ஏறாமல் நின்றதால் சாச்சாவும் அவளும் எங்களோடு இருந்தார்கள். அவள் பாம்பை வாலில் பிடித்துத் தூக்கிப்போடுகிறவள். ஆனால் ஊசி என்றால் நின்ற இடத்திலேயே வேர்த்துவிடும். சின்ன வயதில் விசர்நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி வாங்கினவள். நாலு பேர் கையையும் காலையும் அமத்திப் பிடித்தார்கள் என்று சொல்லும்போதே அவள் கை வயிற்றைப் பொத்தும்.

"சாச்சி, வயித்தில புள்ள இருந்தா ஊசி இல்லையாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். போகிற வழியிலேயே முகத்தில் ஒரு வெட்கத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"எனக்குப் போட ஏலாது மிஸ்ஸி. ரெண்டு மாசம்."

"அடி கள்ளி, எனக்கே சொல்லல்லையே" என்று உம்மா அவளைக் கட்டிப்பிடித்தார். மிஸ்ஸி சந்தோசமாகக் கொப்பியின் வேறொரு பக்கத்தைத் திறந்து, நாள் விசாரித்து எழுதிக்கொண்டார். குசினி வாசலில் நின்ற என்னைப் பார்த்துச் சாச்சி கண்ணடித்தாள். என் வாழ்க்கையில் ஒரு பெரிய ஆள் என்னை நம்பி ஒரு இரகசியத்தைக் கையில் தந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பொய்யால் வீட்டுக்கு வந்த வரும்படி கொஞ்சமல்ல. மூதூரிலிருந்து சாச்சியின் மாமி ஒரு கூடை நாட்டுக்கோழி முட்டையோடு வந்து இறங்கினார். "என்ட மகன்ட புள்ள, எலும்பு கெட்டியா வரட்டும்" என்று கிட்ட இருந்து முட்டையைத் தின்னப் பண்ணினார். மிஸ்ஸி பிள்ளைத்தாய்ச்சிகளுக்கான சத்துமாப் பக்கற்றுகளைக் கொண்டுவந்தார். சாச்சி அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடிப்பாள். பாதி அவளுக்கு, பாதி எனக்கு. வாய் நிறைய மாவை அடைத்துவிட்டு, "வாயத் திறந்தியோ, கொட்டிரும்" என்பாள்.

இரண்டு மூன்று கிழமையில் நாள் கணக்குப் பிழைத்துவிட்டது, பிள்ளை இல்லை என்று சொல்லித் தப்பிவிடலாம் என்பதுதான் அவள் யோசனை. அதற்குத் தேவையே வரவில்லை. ஒருநாள் கிணற்றடியில் ஓங்காளித்துச் சத்தி எடுத்துவிட்டு, முகம் கழுவாமலே என்னைக் கூப்பிட்டாள். "பொய் சொன்ன வாய்க்கு அல்லா சீனி போட்டுட்டான் மகள்" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முதல் நான் கண்டதில்லை. இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியில் இருக்கிற நாள் கொப்பியில் இருக்கட்டும், பிள்ளை தன்பாட்டில் வரட்டும் என்று இரண்டு பேரும் தீர்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வகுப்பில் காய்ச்சல் பரவியது. எனக்கும் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. முகத்தில் வேர்க்குரு போலச் சிவப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தது, மூன்றாம் நாள் எல்லாம் மாயம். பள்ளிக்கூடம் போகத் தேவையில்லாத நல்ல நோய் என்று நான் சந்தோசப்பட்டேன். அந்த மூன்று நாளும் சாச்சி என் பாயை விட்டு நகரவில்லை. என் கோப்பையில் மிஞ்சிய கஞ்சியை அவளே குடித்து முடித்தாள். இரண்டு கிழமை போனதும் அவள் கழுத்திலும் அதே சிவப்பு.

கேள்விப்பட்ட மிஸ்ஸி, வெயிலில் குடையை விரிக்கவும் மறந்து ஓடிவந்தார். சாச்சியின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கொப்பியைத் திறந்து விரலை மடித்து எண்ணினார்.

"தங்கச்சி, நீங்கள் சொன்ன நாள் சரிதானே? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

சாச்சி தலையைக் குனிந்துகொண்டாள். மாமி பக்கத்துக் கதிரையில் இருந்தார். மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார்.

"மகள், நீங்கள் கெட்டிக்காரியெல்லே? சாச்சிக்கு எத்தனை மாசம் எண்டு வீட்டில கதைக்கினம்?"

நான் ஒரு கணமும் தடுமாறவில்லை. "நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது மிஸ்ஸி" என்றேன். கூடப் பிறந்த உண்மையைப் போல அது வாயில் வந்தது. உண்மையில் அப்போது மூன்றுகூட முடியவில்லை.

மிஸ்ஸி பெருமூச்சு விட்டுக் கதிரையில் சாய்ந்தார். "இந்தச் சின்னமுத்து வந்தா வயித்துப் பிள்ளைக்கு முதல் மூண்டு மாசம்தான் பெரிய பயம். தாண்டிற்றியள், ஆண்டவன் காப்பாத்தினார்" என்று சொல்லி, உம்மா கொடுத்த தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்தார். அவர் போனதும் சாச்சி என் உச்சியில் கொஞ்சினாள். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை.

கொஞ்ச நாளில் பட்டணத்து ஆஸ்பத்திரி டொக்டர் வயிற்றை அளந்து பார்த்து, நாள் பிழை என்று சொல்லிவிட்டார். "நான்தான் மாறிச் சொல்லிட்டன் மிஸ்ஸி" என்றாள் சாச்சி. மிஸ்ஸி பழைய திகதியை வெட்டிப் புதியதை எழுதினார். எழுதிய பிறகும் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. ஏசியிருந்தாலாவது எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும்.

இப்போது என் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் அந்த ஊசி சின்ன வயதிலேயே விழுந்துவிடுகிறது. அந்த நோய் எங்கள் நாட்டில் இல்லாமல் போய்விட்டதென்று அறிவித்தும் விட்டார்கள். அயல்நாடுகளும் அதை முற்றாகத் துரத்தப் பாடுபடுகின்றன. கிளினிக் நாளில் எங்கள் தெரு இளம் பெண்களை அதட்டி இழுத்துக்கொண்டு போகிறவள் சாச்சிதான். அவள் ஏன் அப்படி அவதிப்படுகிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவளும் நானும் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவள் கழுத்தில் சிவப்பு வந்த பிறகு நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் பிள்ளையைக் காக்க மருந்து இருந்திருக்காது என்று விசயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டு நான் ஆறுதல்பட முடியாது. குசினிக்குள் ஓடிப்போய் வழி சொல்லிக் கொடுத்தது அந்தச் சிவப்பு வருவதற்கு எவ்வளவோ முதல்.

மாதம் நிறைந்து சாச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்தான். மெலிவுதான், ஆனால் வடிவான பிள்ளை. பக்கத்து வளவில் கூரைக்கு ஆணி அடிப்பார்கள், தெருவால் உழவு இயந்திரம் போகும். அவன் அசையாமல் நித்திரை கொள்வான். "எந்தச் சத்தத்துக்கும் முழிக்காத சீதேவி" என்று மாமி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்.

அவனுக்கு ஐந்து மாதமாக இருக்கும்போது மிஸ்ஸி வந்தார். கொப்பியைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை வாசலைப் பார்த்தபடி சாச்சியின் மடியில் இருத்தச் சொன்னார். அவன் முதுகுப் பக்கமாகப் போய் நின்று கையைத் தட்டினார். அவன் முற்றத்தில் கிளறும் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பவும் தட்டினார்.

எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. நான் ஓடிப்போய் அவன் முன்னால் நின்று தட்டினேன். அவன் காலை உதைத்துக்கொண்டு சிரித்தான்.

"பாருங்க மிஸ்ஸி, கேக்குது" என்றாள் சாச்சி.

மிஸ்ஸி என் தோளைப் பிடித்து மெல்ல இழுத்து, பிள்ளையின் பின்னால் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இப்ப தட்டுங்கோ மகள்" என்றார். நான் உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன். அவன் கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சாச்சி திரும்பிப் பார்க்கவில்லை.

"இதைவிடப் பலமாத் தட்டுவன் மிஸ்ஸி" என்று சொல்லி நான் கையை ஓங்கினேன். மிஸ்ஸி என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டார்.