பூ சுழிக்கிற பக்கம்

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என் கண்ணுக்கு ஓய்வில்லை. ஒற்றை நந்தியாவட்டையின் ஐந்து இதழ்களும் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகச் சுழித்திருக்கும். எந்தச் செடியில் பறித்தாலும் அதே பக்கம்தான். சிவனை நாம் வலம் வருவதைப் பூவும் செய்கிறது என்று குதூகலித்தேன். பிறகு அரளியை எடுத்துப் பார்த்தேன். அது எதிர்ப்பக்கம் சுழித்திருந்தது. அதுவும் சிவனுக்குச் சாத்துகிற பூதான். ஒன்று சரியென்றால் மற்றது தப்பல்லவா?

"பூவப் பறிக்கச் சொன்னா அதுகூட மல்லுக்கட்டுதிய," என்றாள் மனைவி.

பிரதோஷத்தன்று தாமிரபரணிக் கரையிலுள்ள சிவன் கோயிலுக்குப் போனோம். அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகியை அன்று தாண்டக் கூடாது. அதுவரை போய், வந்த வழியே திரும்பி, மறுபக்கமாகச் சுற்றி, மறுபடியும் கோமுகியில் திரும்ப வேண்டும். சிறுவயது முதல் அப்படித்தான் சுற்றுகிறேன். அன்றைக்குத்தான் கோமுகி முன்னால் திகைத்து நின்றேன். நந்தியாவட்டைப் பக்கம் பாதி, அரளிப் பக்கம் பாதி!

பின்னால் வந்தவர் என்மேல் இடித்துக்கொண்டு, "ஏன்வே, நடக்கீரா நிக்கீரா?" என்று எரிந்து விழுந்தார்.

இரண்டு பக்கமும் சரிதான் என்று மனம் அடங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுநாள் காலை கூடையோடு முற்றத்துச் செம்பருத்தியிடம் போனேன். ஒரே கொப்பில் இரண்டு பூ. ஒன்று இந்தப் பக்கம் சுழித்திருந்தது, அதை ஒட்டியிருந்தது அந்தப் பக்கம். கையை நீட்டினேன். எதை முதலில் பறிப்பது என்று தெரியவில்லை.