சாருக்கு முன்னால் ஏறக் கூடாத மலை

இந்த வாரம் உங்களோடு பேசும்போது என் வலது முழங்காலில் ஐஸ் பை உட்கார்ந்திருக்கிறது. நடுநடுவே ஒரு முனகல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மலையால் வந்தது. இல்லை, மலை மேல் பழி போடுவானேன்? எங்கள் வீட்டுக்காரரின் ஆபீசால் வந்தது.

நான் நர்ஸ் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி டெல்லிக்கு வந்த நாள் முதல் எனக்கு ஒரே ஓர் ஆசை. பனிமலையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். “அடுத்த லீவுக்குக் கண்டிப்பா” என்பார் இவர். அடுத்த லீவு வரும். கூடவே திருச்சியில் யாருக்காவது கல்யாணமும் வரும். பனிமலைக்குப் பதில் பந்தியில் உட்கார்ந்து பால்கோவா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்.

இப்படியே என் மூட்டு தேய்ந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “மலை ஏறணும்னா இந்த வருஷமே ஏறிடுங்க சிஸ்டர். அடுத்த வருஷம் மாடிப்படியே சந்தேகம்” என்றார். எக்ஸ்ரே பார்க்க எனக்கும் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ட்ரெக்கிங் பேச்சு வந்தது.

லோதி ரோட்டில் இவருடைய ஆபீஸ்காரர்களின் காலை நடை கோஷ்டி ஒன்று உண்டு. எல்லாரும் தமிழர்கள், ஒரே மினிஸ்ட்ரி. முன்னால் ஜாயின்ட் செக்ரட்டரி சார். அரை அடி பின்னால் டைரக்டர். அவருக்குப் பின்னால் அண்டர் செக்ரட்டரியான எங்கள் வீட்டுக்காரர். கடைசியில் செக்‌ஷன் ஆபீசர் சுந்தரம். இப்படித்தான் நடக்க வேண்டும் என்று யாரும் ஆர்டர் போடவில்லை. ஆனாலும் பார்க்கில் நாய் துரத்தினால்கூட இதே வரிசையில்தான் ஓடுவார்கள்.

சார் ஒருநாள், “ஒரு மலை ஏறினா என்ன?” என்றார். அவ்வளவுதான். உத்தராகண்டில் ஒரு குட்டி ஊரில், குடும்பத்தோடு, ரூம் போட்டாகிவிட்டது. தினம் ஒரு பாதையில் நடப்பது, சாயங்காலம் ஊருக்குத் திரும்புவது. கடைசி நாள் பெரிய ஏற்றம். உச்சியில் ஒரு புல்வெளி, எதிரே பனிச்சிகரம். எனக்கு அந்தக் கடைசி நாள் மட்டும்தான் கண்ணில் நின்றது.

முதல் நாளே புரிந்துவிட்டது. லோதி ரோடு அப்படியே மலைக்கு வந்திருந்தது. அதே வரிசை, அதே அரை அடி. சாருக்கு மூச்சு வாங்கும். வாங்கினால் வாங்குகிறது என்று சொல்ல மாட்டார். நின்று, “ஆஹா... என்ன வியூ!” என்பார். எதிரே வெறும் பாறைச் சுவர் இருக்கும். நாலு பேரும் அந்தப் பாறையை ரசிப்பார்கள். சுந்தரம் போட்டோவே எடுத்தான்.

சார் தண்ணீர் குடித்தால்தான் மற்றவர்களுக்குத் தாகம் எடுக்கும். ஒருமுறை நான் தெரியாமல் டைரக்டரைத் தாண்டி நடந்துவிட்டேன். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார் இவர்.

“என்ன அவசரம்? என் ப்ரமோஷன் சார் கையில இருக்கு.”

“என் முட்டி என் கையில இல்லையே!”

“ஷ்ஷ்...”

கடைசி நாள் காலை. சாரின் மனைவி மதுரைக்காரர், ரொம்ப அமைதி. வந்ததிலிருந்து கணவருக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தவர், அன்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கால் வலியாம். அவரைக் கோவேறு கழுதையில் ஏற்றி, டீ சாமான்களோடு எங்கள் உள்ளூர் கைடு முன்னால் புறப்பட்டார். போகும்போது எங்களிடம் இந்தியில் தெளிவாகச் சொன்னார். நேராக மேலே, எங்கே பாதை பிரிந்தாலும் மேலே ஏறுவதைப் பிடியுங்கள். எல்லாரும் “அச்சா, அச்சா” என்றோம்.

கொஞ்ச தூரத்தில் பாதை பிரிந்தது. இடது பக்கம் செங்குத்தான ஏற்றம். வலது பக்கம் அகலமான, நிழலான பாதை, மெல்லக் கீழே இறங்கியது.

சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். “ரைட்தான் சரியான ரூட். ரோடு மாதிரி இருக்கு பாருங்க.”

“யெஸ் சார். ப்ராப்பரா இருக்கு” என்றார் டைரக்டர்.

“கொஞ்சம் இறங்கி, அப்புறம் ஏறும் சார்” என்றான் சுந்தரம். அவன் வாழ்நாளில் அந்த மலைப் பக்கம் வந்ததில்லை!

முட்டி தேய்ந்தவர்களைக் கேளுங்கள்... ஏற்றம் கூடப் பரவாயில்லை, இறக்கம்தான் எமன். இங்கே இறங்கினால் மறுபடி ஏற என் காலில் தெம்பிருக்காது. இத்தனை வருஷ ஆசையும் அந்த நிழல் பாதையில் உருண்டு போய்விடும்.

“சார், மேலதானே போகச் சொன்னாரு?” என்றேன்.

சார் சிரித்தார். “மேடம், சில சமயம் மேல போறதுக்கே கீழதான் போகணும்.”

மூன்று தலைகளும் ஆடின. எங்கள் வீட்டுக்காரர் தலையும்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. எக்ஸ்ரேயைப் பார்த்தவர் அவர்!

அப்போதுதான் கவனித்தேன். இடது பக்க ஏற்றத்தில் கழுதை விட்டை கிடந்தது. புதுசு, ஈரம்கூடக் காயவில்லை. இப்போது சொல்லுங்கள்... ஜாயின்ட் செக்ரட்டரியை நம்புவதா, கழுதை விட்டையை நம்புவதா?

“எக்ஸ்க்யூஸ் மீ சார்” என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி இடது பக்கம் ஏறினேன். பின்னால், “ஏய்... ஏய்!” என்று இவர் குரல் கேட்டது. குரல் மட்டும்தான் வந்தது, ஆள் வரவில்லை.

கைத்தடியை ஊன்றி, உட்கார்ந்து, திட்டிக்கொண்டே ஏறினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள். பெரிய லிஸ்ட்.

உச்சிக்குப் போனால், புல்வெளியில் டீ டம்ளரோடு விறுவிறுவென்று உலாத்திக்கொண்டிருக்கிறார் சாரின் மனைவி!

“என்னங்க, கால் வலி எப்படி இருக்கு?”

“கால் வலியா? எனக்கா?” என்று சிரித்தார். “கல்யாணமானதுலேருந்து அவரு முதுகைப் பாத்துக்கிட்டே நடந்தாச்சு. இன்னைக்கு ஒருநாளாச்சும் மலையைப் பாப்போம்னு வந்தேன். எம்புட்டு நேரமா யாராவது வருவீங்கன்னு நிக்கிறேன். அங்கிட்டுப் பாருங்க!”

பார்த்தேன். மேகம் விலகி, பனிச்சிகரம் வெயிலில் முழுசாக நின்றது. என்ன சொல்ல? அழுதேன். வெட்கமில்லாமல் விக்கி விக்கி அழுதேன். அவரும் மூக்கை உறிஞ்சினார். இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். யாரையும் கேட்டுக்கொண்டு குடிக்கவில்லை.

போன் அடித்தது. இவர்தான். “நாங்க வந்துட்டோம்.”

“எங்க?”

“...ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால.”

இறக்கத்துக்குக் கழுதையை எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டு, சாரின் மனைவி நடந்தே வந்தார். வழியெல்லாம் என்னைவிட, கழுதையைவிட, முன்னால்.

நேற்று காலை லோதி ரோட்டில் கோஷ்டி வழக்கம்போல் கூடியது. நானும் சாரின் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சார் யாரோ புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரியிடம் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி போனில் எடுத்த போட்டோவை நன்றாகவே படித்திருக்கிறார்.

“மேகம் அப்படியே விலகுச்சு... பனி மேல வெயில்... ஆஹா!”

“கண்ணுலயே நிக்குது சார்” என்றார் டைரக்டர்.

எங்கள் வீட்டுக்காரரும் கண்ணை மூடித் தலையாட்டினார். சாரின் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

வீட்டுக்கு வந்ததும், ஐஸ் பையைத் தேடிக்கொண்டே இவரிடம் கேட்டேன். “ஏங்க, பனிமலை எப்படித்தான் இருந்துச்சு?”

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் பதில் வந்தது.

“சார் சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு.”