வெளியிலிருந்து அடித்த ஆணி

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்ன அன்று, என் கணவருக்குக் கால் முறிந்து பதினேழாவது நாள். அவர் மேசன். புசல்லாவையில் ஒரு மாடி வீட்டு வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். தொடை வரைக்கும் பிளாஸ்டர். நான் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அதுவரை ஒரு ஆணிகூட ஒழுங்காக அடித்ததில்லை. வீட்டில் மேசன் இருக்கும்போது எதற்கு?

எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, மலையை வெட்டிச் சமப்படுத்திய ஏழு பேர்ச் காணியில் இருக்கிறது. பின்னால் ஆளுயரத்துக்கும் மேலே மண்மேடு. முன்னால் சரிவு. ரோட்டுக்குப் போக அறுபத்திரண்டு படி ஏற வேண்டும், எல்லாம் மண்ணில் வெட்டிய படிகள்.

காலையில் மேல்வீட்டு அண்ணனும் அவருடைய தம்பியும் வந்தார்கள். புயல் முடியும்வரை தங்க எல்லோரும் ஸ்கூலுக்குப் போகிறார்களாம்.

"தங்கச்சி, மாப்பிள்ளைய கதிரையில உட்கார வச்சு தூக்கிருவோம். பையை மட்டும் எடுங்க."

இவர் கட்டிலில் இருந்தே மறுத்தார். "இந்த மழையிலயா? ஒருத்தருக்கு வழுக்கினா மூணு பேரும் பள்ளத்துல கிடப்போம். நீங்க போங்கண்ணே. இவளையும் கூட்டிட்டுப் போங்க."

நான் பையோடு வாசலில் நின்றேன். போய்விடலாம் என்று தோன்றியது உண்மை. "நான் இருக்கேண்ணே" என்றேன். நல்ல மனைவி என்று யாரும் நினைக்க வேண்டாம். விட்டுட்டு வந்துட்டா என்று ஊர் பேசுமே என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

அவர்கள் போன பிறகு வேலை தொடங்கியது. கட்டில் ஜன்னல் ஓரம் கிடந்தது. அவர் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல நான் வெளியே நனைந்துகொண்டு செய்தேன். உரப் பைகளில் மண்ணை அரைவாசிக்கு அள்ளிக் கட்டினேன். இரண்டிரண்டு பையாகக் கயிற்றில் பிணைத்து, ஏணியில் ஏறி, ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் தொங்கும்படி கூரை முகட்டின் மேல் போட வேண்டும்.

"நடுவுல போடாத. ஓரத்துல போடு. காத்து ஓரத்துலதான் தகரத்தப் புடிக்கும்."

"ஓரத்துலதான் போடுறேன்."

"சத்தத்தக் கேட்டா தெரியுது, நடுவுலதான் போட்டிருக்க."

நடுவில்தான் போட்டிருந்தேன். மறுபடி ஏறினேன்.

அடுத்து மழைத்தண்ணீர் ஓடும் பின்பக்கத்துக் கானைத் துப்புரவாக்கினேன். மண்மேட்டின் அடியில், முன்பு ஈரமே இல்லாத ஒரு இடத்திலிருந்து செம்மண் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வந்து அவரிடம் சொன்னேன். பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கான நல்லா ஆழமா வெட்டி விடு" என்றார். அவ்வளவுதான்.

கடைசியாக ஜன்னல். கொங்கிரீட் வேலைக்கு வைத்திருந்த பலகைகளைக் குறுக்காக வைத்து, நாலு இஞ்ச் ஆணியால் சட்டத்தில் அடிக்கச் சொன்னார். கையில் இரண்டு முறை அடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பலகையாக ஏற ஏற அவர் முகம் மறைந்துகொண்டு வந்தது. ஒரு பலகை மட்டும் மிச்சம்.

"அத விட்டுடு" என்றார்.

"கண்ணாடி உடைஞ்சா உங்க மூஞ்சியிலதான் விழும்."

"இருக்கட்டும். வெளிய தெரியட்டும்."

காலையிலிருந்து என்னைப் போகச் சொன்னவர், இப்போது அந்தச் சந்து வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கண்ணைப் பார்க்காமல் ஆணியை அடித்தேன். உள்ளே போனபோது பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டாக இருந்தது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார்.

காற்று வந்தது. கூரை அசைந்தது, ஆனால் பறக்கவில்லை. விடியும் நேரத்தில், மூட்டை மூட்டையாக எதையோ போட்டதுபோல் பின்னால் ஒரு சத்தம். அடுப்பு வைத்திருந்த குசினியின் சுவர் உள்ளே சரிந்து, பாதி குசினி மண்ணால் நிறைந்தது. முன்கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. வீட்டைச் சுற்றி வந்த சேறு வாசலில் இடுப்பளவு நின்றது. உள்ளே இடம் மிச்சமாகட்டும் என்று வெளிப்பக்கம் திறக்கும்படி அவர் வைத்த கதவு அது. ஜன்னல் கண்ணாடியை உடைத்து, பலகையை அம்மிக்குழவியால் இடித்தேன். ஒன்றும் அசையவில்லை.

"நல்லாத்தான் அடிச்சிருக்க" என்றார்.

போனில் சிக்னல் இல்லை. நான் கட்டில் காலடியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னார், அந்தச் செம்மண் தண்ணீரைப் பற்றி நான் சொன்னபோதே மேடு இறங்கும் என்று தனக்குத் தெரியும் என்று.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? என்னைத் தூக்குவியா?"

"மேல ஏறிப் போய் ஆளக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

"நீ ஏறும்போது படி இறங்கியிருந்தா?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் உயிரைப் பற்றியும் அவரே தனியாக முடிவெடுத்துவிட்டார். மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த சரிவு எப்போது என்று காத்துக்கொண்டு, ஒரே அறையில் அவரோடு நாலு மணி நேரம் பேசாமல் இருந்தேன்.

பத்து மணி போல மேல்வீட்டு அண்ணன் அலவாங்கோடு வந்து பலகைகளைப் பெயர்த்தார். நாலு பேர் இவரைக் கதிரையில் வைத்துக் கட்டித் தூக்கினார்கள். மேலே போகும்வரை இவர் கண்ணைத் திறக்கவில்லை. பின்னால் ஏறிய நான் அவர் பிளாஸ்டர் காலைக் கையால் தாங்கிக்கொண்டே போனேன். கோபம் அப்போதும் போகவில்லை.

பிறகு அதிகாரிகள் வந்து, இங்கே இருக்கக்கூடாது என்று சுவரில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். வேறு காணி தருவதாகச் சொன்னார்கள். ஸ்கூல் திறந்ததும் அங்கே தங்கியிருந்த எங்களை எழும்பிப் போகச் சொன்னார்கள். காணி வரவில்லை. வாடகை வீடு தேடினோம், கிடைக்கவில்லை. திரும்பி வந்து, குசினியை முன்னறைக்கு மாற்றிக்கொண்டு, அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

நான் தினமும் பஸ்ஸில் கண்டிக்குப் போகிறேன். அவர் தடி ஊன்றி நடக்கிறார், இன்னும் வேலைக்குப் போகவில்லை. டவுனில் வானம் இருட்டினால் கடையில் நின்றபடியே போன் எடுப்பேன். முதல் ரிங்கிலேயே எடுப்பார்.

"இருக்கேன்" என்பார்.

வைத்துவிட்டு, முன்னால் நிற்கிறவர்களுக்கு அடுத்த சேலையை விரிப்பேன்.