பத்து மணி ஆட்டத்துக்குப் பதினொன்றேகாலுக்குப் போனேன்

இந்தப் பயணத்தை எழுதுவதா விடுவதா என்று மூன்று வாரமாக இழுபட்டுக்கொண்டிருந்தேன். எழுதினால் என் மானம் போகும். எழுதாவிட்டால், பேர்லினிலிருந்து ஹம் நகருக்கு எப்படிப் போவது என்று கேட்டு மின்னஞ்சல் போடும் நீங்கள் விடமாட்டீர்கள். எனவே போகும் வழியையும் எழுதுகிறேன், போன லட்சணத்தையும் எழுதுகிறேன்.

போனது செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் பக்கத்து ஊர்க் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும் வருடாந்த உதைபந்தாட்டம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்போம், ஆகவே பெரிய படிப்பு என்று யாரும் பயப்பட வேண்டாம். அங்கே மதிலுக்கு மேலால் கல்லெறிந்துகொண்ட இரண்டு பள்ளிக்கூடங்கள் இங்கே ஜெர்மனியில் மைதானம் வாடகைக்கு எடுத்து மோதிக்கொள்கின்றன. நான் விளையாடுகிறவன் அல்ல, அன்றும் இல்லை இன்றும் இல்லை. கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்துகிறவன். பதினான்கு வருடமாக ஒரு ஆட்டமும் தவறவிட்டதில்லை.

இந்த வருடம் போனதற்குக் காரணம் வேறு. என் மகள் மதுரா ஆடுகிறாள்.

மதுராவுக்கு இருபத்திரண்டு வயது. கொலோனில் படிக்கிறாள், அங்கே பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் முன்வரிசையில் ஆடுகிறாள். பத்து வயதில் பேர்லினில், நாங்கள் இருக்கும் நொய்கெல்ன் பகுதியில் ஒரு கழகத்தில் தொடங்கினாள். ஆட்டமெல்லாம் சனி, ஞாயிறு காலையில். நான் பஸ் சாரதி, எனக்கும் வேலை சனி, ஞாயிறு காலையில். ஒரு ஆட்டமாவது தொடக்கம் முதல் முடிவுவரை பார்த்திருக்கிறேனா என்று கேட்டால், இல்லை. வேலை முடிந்து சீருடையோடு ஓடிப்போய்க் கடைசிப் பத்து நிமிடம் பார்த்தது இரண்டு மூன்று தடவை.

எங்கள் சங்கத்தில் ஆட்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும், பழைய மாணவர்களின் மகன்மாரும் ஆடலாம் என்று விதியை மாற்றினார்கள். மகன் என்றால் மகள் ஏன் கூடாது என்று மதுரா கேட்டாள். வாயால் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவள் ஜெர்மன் முறைப்படி அரைப்பக்க அன்ட்ராக் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அந்த விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு நிர்வாகம் மூன்று மாதம் தொலைபேசியில் அடிபட்டது. கடைசியில் சரி என்றார்கள். அறிவித்தலில் அவள் பெயர், அடைப்புக்குறிக்குள் என் பெயர். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"அப்பா, பத்து மணிக்கு மேட்ச். நேரத்துக்கு வாங்கோ" என்று வியாழக்கிழமை போனில் சொன்னாள்.

"ஓம் ஓம், வாறன்" என்றேன்.

இங்கே ஒரு விளக்கம். எங்கள் ஆட்கள் அறிவித்தலில் பத்து மணி என்று போட்டால் அது பத்து மணி அல்ல. சனம் வரவேண்டும், விளக்கேற்ற வேண்டும், மௌன வணக்கம், வரவேற்புரை, தலைவர் உரை, பொன்னாடை. ஒரு வருடம் ஆட்டம் பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது. அடுத்த வருடம் பன்னிரண்டேகால், ஏனென்றால் பந்து இருந்த கார் இன்னும் டோர்ட்முண்டைத் தாண்டவில்லை. பத்து என்று போட்டால் பதினொன்றரை என்று கணக்குப் பார்ப்பது எனக்கு மூச்சுவிடுவது மாதிரி. வருடம் முழுக்க ஒரு நிமிடம் முந்தினாலும் பிந்தினாலும் பதில் சொல்லவேண்டிய பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். நம் ஆட்களின் நிகழ்ச்சி என்றதும் கையில் கட்டிய மணிக்கூடு வேறு நாட்டுக்குப் போய்விடுகிறது.

இனிப் பயணம். அந்த வாரம் முழுக்க அதிகாலை வேலை, தினமும் மூன்று மணிக்கு எழும்பியவன். சனிக்கிழமையும் மூன்றரைக்கு எழும்பினேன். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, வரமுடியவில்லை. 4.40க்கு ஹெர்மன்பிளாட்ஸில் சுரங்க ரயில், அலெக்சாண்டர்பிளாட்ஸில் மாறி, 5.15க்குப் பெரிய ஸ்டேஷன். 5.47க்கு விரைவு ரயில். ஆறு வாரம் முன்பே எடுத்ததால் ஒரு வழிக்கு 35 யூரோ 90 சதம். இருக்கை பதிவு செய்யவில்லை, சனிக்கிழமை விடியற்காலை தேவையும் இல்லை. ஒரு கோப்பி 3 யூரோ 40, குடித்த உடனேயே நித்திரை. ஹனோவரில் ஒரு முறை கண் திறந்தேன், கழுத்து பிடித்திருந்தது. பேர்லினிலிருந்து ஹம் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். ரயில் 8.36க்குச் சரியாகப் போய் நின்றது. ஜெர்மனியில் ரயில் பிந்தினால் அதன்மேல் பழியைப் போடலாம், அன்றைக்கு அதற்கும் வழியில்லை. ஹம்மில் இந்த ரயிலை இரண்டாகப் பிரித்து வேறு வேறு வழியில் அனுப்புவார்கள். அங்கேயே இறங்குகிறவர்கள் எந்தப் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை.

இறங்கியதும் மதுராவின் செய்தி. "அப்பா எங்க?"

"ஹம்முக்கு வந்திட்டன்" என்று எழுதினேன். உடனே ஒரு இதயப் படம் வந்தது.

மைதானம் ஸ்டேஷனிலிருந்து நடந்தால் இருபத்தைந்து நிமிடம். என் கணக்கில் ஆட்டத்துக்கு இன்னும் மூன்று மணித்தியாலம். மழை தூறிக்கொண்டிருந்தது. வெறும் மைதானத்தில் ஏன் நனைய வேண்டும், ஹம் நகரின் ஓரத்தில் ஊன்ட்றொப்பில் இருக்கும் அம்மன் கோயிலுக்குப் போய் மகளின் பெயரில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வருவோம் என்று முடிவெடுத்தேன். அப்போது அது நல்ல முடிவாகத்தான் தெரிந்தது. தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் முதல்நாளே நொய்கெல்ன் கடையில் வாங்கிப் பையில் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக, திட்டமிட்ட குற்றம்தான்.

9.05க்கு பஸ். சனிக்கிழமையில் பஸ்கள் குறைவு, நேரத்தை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அரை மணி நேரம், பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் தெரியும், தவறவிட முடியாது. திருவிழாக் காலத்தில் வந்தவர்களுக்கு இந்த இடம் சனக்கடலாக நினைவிருக்கும். சாதாரணச் சனிக்கிழமையில் அமைதியாக இருந்தது. போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பைக்குள் வைத்தேன். "மதுரா, ரோகிணி நட்சத்திரம்" என்று சொல்லி, அவள் நன்றாக ஆடவேண்டும், காலில் அடிபடக் கூடாது, ஒரு கோலாவது அடிக்க வேண்டும் என்று மனமுருகி வேண்டினேன். கற்பூரம் காட்டும்போது மணி பத்து இருபது.

பிரகாரத்தில் சிவம் அண்ணை நின்றார். எங்கள் கல்லூரிதான், எனக்கு ஏழு வகுப்பு மூத்தவர், கல்லூரிக் கழுத்துப்பட்டியும் கட்டியிருந்தார்.

"மேட்சுக்குப் போகேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இப்ப அங்க ஒரு குருவியும் வந்திருக்காது தம்பி. இருந்து பொங்கல் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சாப்பிட்டேன். அவரே இன்னும் புறப்படவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெளியே வந்து போனை எடுத்தால் 9.54க்கு மதுராவின் அழைப்பு ஒன்று. திருப்பி எடுத்தேன், பதில் இல்லை. ஆட்டம் தொடங்காவிட்டால் அவள் ஏன் போனை எடுக்கவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். பொங்கல் சாப்பிட்டவனுக்கு அந்த யோசனை வரவில்லை.

அடுத்த பஸ் வர இன்னும் நேரம் இருந்ததால் டாக்ஸி பிடித்தேன். 34 யூரோ. சாரதி துருக்கிக்காரர், என் வயதிருக்கும். ஜெர்மனில் பேசிக்கொண்டு போனோம்.

"ஆட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"பத்துக்கு."

முன்னால் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து ஐம்பத்தாறு. "பிந்திவிட்டீர்களே."

"இல்லை, இது எங்கள் ஆட்களின் ஆட்டம். பதினொன்றரைக்குத்தான் தொடங்கும்."

விழுந்து விழுந்து சிரித்தார். தங்கள் கல்யாண வீடுகளும் அப்படித்தான் என்றார். பிறகு ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது கேட்டார், "நடுவர் யார்? உங்கள் ஆளா, ஜெர்மன்காரரா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. முந்திய வருடங்களில் எங்கள் ஆள் ஒருவர்தான் விசில் ஊதுவார். போன வருடம் அவரை இரண்டு பக்கமும் ஏசியதில், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பதினொன்றேகாலுக்கு மைதானம். வாசலிலேயே தெரிந்துவிட்டது. ஒரு ஜெர்மன் கிழவர் மூலைக்கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார், அடுத்த கழகத்துச் சிறுவர்கள் வரிசையில் நின்றார்கள். நடுவர் ஜெர்மன்காரர்தான். மைதானமும் பதினொன்றரை வரைதான் வாடகை. பத்து மணிக்கு எங்கள் அணியில் எட்டுப்பேர்தான் நின்றார்களாம். தலைவர் உரையாற்ற ஒலிவாங்கியை எடுத்திருக்கிறார், நடுவர் விசிலை ஊதியிருக்கிறார். ஒவ்வொரு பாதியும் முப்பத்தைந்து நிமிடம், ஐந்து நிமிட இடைவேளை, பதினொன்றேகாலுக்கு முடிந்தது. 3-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோல் அடித்தது மதுரா. பத்து இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் என்றார்கள். அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். வாங்கத்தான் ஆள் இல்லை.

மதுரா கரையில் ஈரப்புல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்லூரி நிறச் சட்டை, முழங்கால்வரை சேறு.

"எப்ப வந்தனீங்கள் அப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். பின்னால் நின்றேன், நீ காணவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வந்தது, மனம் வரவில்லை. "இப்பத்தான்."

"ஹம்முக்கு வந்திட்டன் எண்டு எழுதினீங்கள். நான் கோல் அடிச்சிட்டுக் கரையெல்லாம் பாத்தனான்."

அப்போதுதான் என் நெற்றியைக் கவனித்தாள். "கோயிலுக்குப் போனனீங்களா?"

"உன்ர பேரிலதான் அர்ச்சனை…" என்று பிரசாதப் பையை நீட்டினேன்.

வாங்கினாள். சேற்றுக் கையால் விபூதி எடுத்து நெற்றியில் பூசினாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிதானமாகத்தான் பேசினாள்.

"அது உங்கட ஸ்கூல் அப்பா. நான் அதைக் கண்ணாலயும் கண்டதில்லை. பிறகு ஏன் அன்ட்ராக் எழுதினனான் எண்டு நினைக்கிறீங்கள்? இதுக்கெண்டாலும் நீங்கள் முழுசா வருவீங்கள் எண்டுதான்."

பதினான்கு வருடம் ஒன்றும் தவறவிடாத ரசிகன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவன், அந்தக் கரையில் பிரசாதப் பையோடு நின்றேன். பதினொன்றரைக்கு சிவம் அண்ணை வந்து, "என்ன, இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்டார்.

மதியச் சாப்பாடு மண்டபத்தில், எங்களுக்குப் பழக்கமான புரியாணி. இரண்டு மணிக்கு மதுரா கொலோன் ரயிலில் ஏறினாள், போகும்போது கட்டிப்பிடித்தாள். எனக்கு 15.20க்கு ரயில். யாரோ எடுத்த காணொளி ஒன்றை அனுப்பியிருந்தார்கள். பதினொரு விநாடி. முன்னால் ஒருவரின் முதுகு, அதற்கு அப்பால் மதுராவின் குதிரைவால் தலைமயிர் ஓடுகிறது, பிறகு கூச்சல். பந்து தெரியவே இல்லை. பேர்லின்வரை எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. கண் எரிந்தது, நித்திரை மட்டும் வரவில்லை. அடுத்த நாள் ஞாயிறு, 4.50க்கு வேலை. நேரத்துக்குப் போனேன்.

போக நினைப்பவர்களுக்கு: விடியற்காலை ரயிலே நல்லது, மலிவும் கூட. கோயிலுக்கும் மைதானத்துக்கும் ஒரே நாளில் போகலாம், ஆனால் ஆட்டத்துக்குப் பிறகு போங்கள், அம்மன் அங்கேயேதான் இருப்பாள். சிவம் அண்ணையின் பேச்சைக் கேட்காதீர்கள். மழைச் சட்டை கொண்டுபோங்கள். அறிவித்தலில் என்ன மணி போட்டிருக்கிறதோ, அந்த மணி.

போன வாரம் மதுராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "புதன் 18:00, யூனி மைதானம்." அவ்வளவுதான். வாங்கோ என்று எழுதவில்லை. நானும் வாறன் என்று எழுதவில்லை, அந்தச் சொல்லை இனி அவளுக்கு எழுத எனக்கு வெட்கம். கூட வேலை செய்பவர் ஒருவரிடம் கெஞ்சி என் புதன்கிழமையை மாற்றிக்கொண்டேன்.

இன்று புதன். இதைக் கொலோனில், பல்கலைக்கழக மைதானத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே ஒரு மரவாங்கில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி நாலு முப்பத்தைந்து. முதுகு நோகிறது. சற்று முன் காவலாளி சைக்கிளில் வந்து, இங்கே என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஆட்டம் பார்க்க வந்தேன்."

"அது ஆறு மணிக்கல்லவா?"

"தெரியும்" என்றேன்.