ஒலுவில் மணலில் உருளைக்கிழங்கு

கடலோர ஊரான ஒலுவிலின் மணலில் உருளைக்கிழங்கு போடப் போவதாக ஸுஹைறா சொன்னபோது அவளுடைய கணவன் நஜீம் சிரித்தான். மலைநாட்டு வெலிமடையிலிருந்து கல்முனைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுபவன் அவன்.

"குளிர்ல விளையிற சாமான் புள்ள அது. இஞ்ச நாமளே வெந்து கிடக்கம்."

"யாழ்ப்பாணத்துல விளையுதுதானே? அங்க என்ன பனியா கொட்டுது?"

 அடுத்த பயணத்தில் நஜீம் ஒரு மூட்டை விதைக்கிழங்கு கொண்டுவந்து இறக்கினான். மாரி மழை குறைந்து இரவில் கொஞ்சம் குளிர் விழும் நாட்களில், வீட்டுக்குப் பின்னாலிருந்த கத்தரித் தோட்டத்தை அழித்து, உயரமாகப் பாத்தி கட்டி அவள் கிழங்கை நட்டாள். வெயில் காலம் தொடங்குவதற்கு முன் தோண்டினாள். மலைநாட்டுக் கிழங்கை விடச் சிறியது, என்றாலும் கிழங்குதான். அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். சந்தையில் "நம்மட ஊர்க் கிழங்கு" என்று கேட்டு வாங்கினார்கள்.

அடுத்த வருடம் அதே பாத்தியில் செடிகள் உச்சி வெயிலில் துவண்டன. தண்ணீர் விட்டும் நிமிரவில்லை. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் முழுக்க பாசிமணி கோத்ததுபோல முடிச்சுகள். கிழங்கின் தோலில் பருக்கள். விவசாயப் போதனாசிரியர் ஜெஸீம் வந்து வேரைக் கீறிப் பார்த்தார்.

"வேர்முடிச்சுப் புழு. கண்ணுக்குத் தெரியாது. கத்தரியிலேயே இருந்திருக்கும், இப்ப கிழங்கையும் பிடிச்சிட்டு. பயிரை மாத்திப் போடுங்க. கச்சான் காத்து அடிக்கிற வெயில் காலத்துல மண்ணை நனைச்சுப் பொலித்தீனால மூடி வெயில்ல வேக விடுங்க."

ஸுஹைறாவின் மூத்த சகோதரன், அவள் காக்கா என்று கூப்பிடும் அஸ்ஹருக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. அவன் கல்முனையில் கலியாணம் முடித்து, அங்கேயே விவசாய மருந்துக்கடை வைத்திருப்பவன்.

"வெயில்ல எப்ப வெந்து, எப்ப சாகிற? மலைநாட்டுல கிழங்கு போடுறவனுகள் மண்ணுக்கே மருந்து வைக்கிறான். குறுணல் மருந்து. ஈர மண்ணுல கலந்து மூடினா உள்ளுக்குப் புகை பிடிச்சுப் புழுவெல்லாம் முடிஞ்சிரும்."

அவனே கொண்டுவந்து, கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு மண்ணில் கலந்து கொடுத்தான். பொலித்தீனை இழுத்து, ஓரங்களில் மணல் போட்டு மூடினார்கள். மறுநாள் பின்னேரம் காற்று எழும்பி ஒரு பக்கம் பொலித்தீனைக் கிளப்பியது. அது பறந்துவிடும் என்று ஸுஹைறாவின் மகள் அப்னா ஓடிப்போய்ப் பிடித்தாள். பிடித்த கையோடு கண்ணைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். மூச்சு இழுத்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். கண் சிவப்பு மாறச் சில நாட்கள் எடுத்தன. "ஓரங்கள இன்னும் இறுக்கி மூடியிருக்கணும்" என்றான் அஸ்ஹர். ஸுஹைறா அவனோடு கதைக்கவில்லை.

மண்ணைத் திறந்து, கிளறி, காற்றாட விட்டார்கள். நடுவதற்கு முன்னால் ஜெஸீம் சொன்னபடி அந்த மண்ணை ஒரு டின்னில் போட்டுக் கடுகு தூவினாள். கடுகு முளைத்தது. மருந்துப் புகை போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அந்த வருடக் கிழங்கு முதல் வருடத்தை விடப் பெரியது. தோல் வழுவழுப்பாக இருந்தது. சந்தையில் மூட்டையை அவிழ்த்தபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அஸ்ஹரோடு மறுபடி கதைத்தாள்.

அதற்கடுத்த வருடம் மருந்து வைக்கவில்லை. ஒருமுறை அழித்தது போதும் என்று நினைத்தாள். செடிகள் முன்னைவிடச் சீக்கிரம் துவண்டன. முடிச்சுகள் முன்னைவிடப் பெரிதாக இருந்தன. பாத்தியைக் கிண்டியபோது, அடியில் போட்ட மாட்டெரு போட்டபடியே காய்ந்து கட்டியாகக் கிடந்தது. கத்தரி நட்ட காலத்தில் அது மழையோடு மழையாக மண்ணாகிவிடும்.

"மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது" என்றார் ஜெஸீம். "புழுவையும் கொல்லும், புழுவைத் தின்னுற பூஞ்சணத்தையும் கொல்லும், எருவை உக்க வைக்கிற உயிரையும் கொல்லும். ஆழத்துல தப்பின புழு மேல வந்தா ஆள் இல்லாத ஊடு. பெருகாம என்ன செய்யும்?"

"அப்ப வருசா வருசம் வைக்கிறதுதானே" என்றான் அஸ்ஹர்.

"உங்கட மருமகள் அப்னாவைக் கேட்டுப் பாருங்க, வருசா வருசம் வைக்கலாமா எண்டு."

அவன் முகம் சுருங்கியது. "எனக்கு மட்டும் கவலை இல்லையா? இந்த முறை நானே காவல் நிப்பன். பாதி மண்ண எனக்குத் தா. மத்தப் பாதியில நீ விரும்பினதைச் செய். பார்ப்பம்."

அவள் யோசித்துவிட்டு ஓம் என்றாள். பிள்ளைகளைத் தோட்டத்துப் பக்கம் விடுவதில்லை என்ற ஒப்பந்தத்தோடு.

அடுத்த கிழங்குக் காலம் வரும்வரை தன் பாதியை அவள் சும்மா விடவில்லை. செவ்வந்தி போட்டாள். அதன் வேர் புழுவை அடக்கும் என்று ஜெஸீம் சொல்லியிருந்தார். பூவை என்ன செய்வதென்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. தோட்டம் மஞ்சளாகிப் போனபோது பஸ்ஸில் போன யாரோ பார்த்துச் சொல்லி, தம்பிலுவில்லிலிருந்து பூக்கடைக்காரர் ஒருவர் வந்தார். திருக்கோவில் ஊர் முருகன் கோயில் ஆடி அமாவாசைக்கு மாலை கட்ட எல்லாவற்றையும் தரமுடியுமா என்று கேட்டார்.

"நீங்க இதுக்கெண்டா போட்டீங்க?"

"இல்ல ஐயா. மண்ணுக்குப் போட்டது" என்றாள்.

பூ ஓய்ந்ததும் செடியை உழுது மண்ணோடு கலந்து, பொலித்தீனால் மூடி வெயிலில் விட்டாள். அஸ்ஹர் தன் பாதியில் மருந்து வைத்து மூடி, சொன்னபடி காவல் நின்றான். அடுத்த மாரி முடிந்து இரண்டு பாதியிலும் ஒரே நாளில் கிழங்கு நட்டார்கள். தோண்டியபோது அஸ்ஹரின் பாதியில்தான் கிழங்கு அதிகம். அவளுடைய பாதியில் குறைவு. சில வேர்களில் முடிச்சும் இருந்தது. ஆனால் எரு உக்கி மண் கறுத்திருந்தது. பிடித்தால் ஈரம் கையில் ஒட்டியது.

"பார்த்தியா" என்றான் அஸ்ஹர்.

"பார்த்தன் காக்கா. உங்கட பக்கம்தான் கூட. ஆனா அடுத்த வருசமும் உங்களுக்கு மருந்து வேணும். எனக்கு வேணாம்."

 கல்முனையில் கடையைத் திறக்கவேண்டும் என்று அவன் போய்விட்டான்.

அதன் பிறகு அந்தத் தோட்டத்துக்கு மருந்து வரவில்லை. அஸ்ஹர் அதை இப்போதும் விற்கிறான். வாங்க வருபவர்களிடம் பிள்ளைகளைத் தூர வைக்கச் சொல்கிறான். ஸுஹைறா தோட்டத்தை நாலாகப் பிரித்திருக்கிறாள். ஒரு பங்கில் மட்டும் கிழங்கு. மற்றவற்றில் செவ்வந்தி, சோளம், கச்சான் கடலை. கிழங்கு வருடாவருடம் இடம் மாறுகிறது. போன வருடம் விதைக்கிழங்கு விலை ஏறி நஜீமால் கொண்டுவர முடியவில்லை. அந்தப் பங்கிலும் அவள் செவ்வந்தியே போட்டாள். தம்பிலுவில்காரர் ஆடிக்கு முன்பே வந்து, பூ முழுவதும் தனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.